கேஈ 70 இன் பழைய ஸ்ரட் கூட்டுக்குள் புது காட்ரிஜ்

டொயோட்டா கேஈ 70 கொரோலாவில் முன் ஷொக் (குலுக்கலை அடக்கும் ஷொக் அப்சோர்பர்) போய்விட்டது என்று கராஜில் சொன்னால், பெரும்பாலும் போயிருப்பது உள்ளே இருக்கும் பாகம் மட்டுந்தான். வெளியே தெரியும் அந்தத் தடித்த குழாய், அதாவது ஸ்ரட் கூடு, வேறு விஷயம். சில்லு சுழலும் அச்சு, பிறேக் கலிப்பர் பிடிக்கும் காது, ஸ்பிறிங் உட்காரும் தட்டு எல்லாம் அந்தக் கூட்டோடு ஒன்றாகவே இருக்கின்றன. அது நேராகவும் துருப்பிடித்து உக்காமலும் இருந்தால் அதைத் தூக்கி எறியக் காரணமே இல்லை. மேலே உள்ள வளைய நட்டைக் கழற்றி, பழைய உள்பாகங்களை எடுத்துவிட்டு, தனியே மூடி அடைத்து வரும் ஒரு புது ஷொக்கை அதே குழாய்க்குள் இறக்கிப் பூட்டலாம். இதைத்தான் இங்கே காட்ரிஜ் என்கிறார்கள். இன்சேர்ட் என்றும் சொல்வார்கள்.

யாழ்ப்பாணத்தில், வீட்டுக் கொட்டகையில் வைத்து என் காருக்கு இந்த வேலையைச் செய்தேன். கழற்றிப் பூட்டுவது பற்றித் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் காட்ரிஜ் கூட்டுக்குள் உண்மையில் இறுகி நிற்கிறதா என்று அளந்து பார்ப்பதைப் பற்றி யாரும் அதிகம் கதைப்பதில்லை. இந்த வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் அந்த இடத்தில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் காரைப் பற்றி. கேஈ 70 என்பது 1979 இல் ஜப்பானில் வந்த நான்காம் தலைமுறைக் கொரோலா. 1290 சிசி 4கே எஞ்சின், பின்சில்லு இழுவை. முன்னால் மக்பர்சன் ஸ்ரட். ஏர்ல் மக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் உருவாக்கி, 1950 ஐ ஒட்டிய காலத்தில் ஃபோர்ட் கார்களில் வந்த அமைப்பு இது. மேல் கை என்று தனியாக ஒன்று கிடையாது. ஷொக்கே சில்லை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவும் நிற்கிறது. சாதாரண ஷொக் மேலும் கீழும் மட்டும் வேலை செய்யும். ஸ்ரட்டின் தண்டு அதோடு பக்கவாட்டு அழுத்தத்தையும் தாங்க வேண்டும். பிறேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் அந்தத் தண்டு அதன் வழிகாட்டிப் புஷ்ஷில் உரசுகிறது. பழைய ஸ்ரட்டுகளில் தண்டின் மினுக்கம் ஒரு பக்கத்தில் மட்டும் தேய்ந்திருப்பது இதனால்தான்.

எனது கார் ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத் தகட்டுக் கார். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. திறந்த பிறகும் விலை எட்டாத உயரத்தில். இந்த இடைவெளியில் பழைய கொரோலாக்களை விற்றவர்களைவிடத் திருத்தி வைத்துக்கொண்டவர்கள்தான் அதிகம். நானும் திருத்தி வைத்துக்கொண்டவன்.

வேலணைக்குப் போகப் பண்ணைத் தாம்போதியில் அடிக்கடி ஓடுகிறேன். இரண்டு பக்கமும் கடல். அந்த உப்புக்காற்று அடிப்பகுதியில் எதையும் விட்டுவைப்பதில்லை. ஸ்ரட் தண்டின் குரோம் பூச்சில் ஊசிமுனை அளவுக்குத் துருப்புள்ளி வந்தால் போதும். தண்டு ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் புள்ளி ஒயில் சீலின் உதட்டை அறுக்கும். பிறகு ஒயில் கசியும், அதில் தூசி ஒட்டும், அந்தத் தூசி இன்னும் அறுக்கும். எனது காரில் இடதுபக்கக் கூடு மேலிருந்து பாதி வரை கறுத்த பசையாய் இருந்தது. மதகு ஏறி இறங்கினால் மூக்கு இரண்டு மூன்று தரம் ஆடி அடங்கும். முன் ரயர்களின் ஓரத்தில் கையால் தடவினால் மேடும் பள்ளமும் தட்டுப்பட்டது. சில்லு நிலத்தை விட்டு விட்டுத் துள்ளியதால் வந்த தேய்வு அது.

வழி மூன்று இருந்தது. சீலை மாற்றி, ஒயில் விட்டு, பழைய தண்டோடே பூட்டுவது ஒன்று. இங்கே பல இடங்களில் செய்து தருகிறார்கள், செலவும் குறைவு. ஆனால் தண்டில் புள்ளி விழுந்திருக்கும்போது புதுச் சீல் போடுவது அடுத்த சீலுக்கும் நாள் குறிப்பதுதான். தண்டு சுத்தமாய் இருந்தால் மட்டும் அந்த வழியை நான் சரி என்பேன். இரண்டாவது, கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் போய்ப் பாவித்த ஸ்ரட் ஒரு சோடி எடுப்பது. அவற்றின் உள்ளே என்ன நிலை என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. கையால் அமுக்கினால் இறுக்கமாய்த் தெரிவது ஒயில் தடித்துப் போனதாகவும் இருக்கலாம். மூன்றாவது, காட்ரிஜ். கேஈ 70 க்கான காட்ரிஜ்கள் இன்னும் கிடைக்கின்றன. நான் எடுத்தது கேவைபி, அதாவது பழைய கயாபா. ஜப்பானியக் கார்களுக்கு நீண்ட காலமாக ஷொக் செய்து வரும் நிறுவனம் என்பதால் அதன் தண்டிலும் சீலிலும் எனக்கு நம்பிக்கை உண்டு. எதை எடுத்தாலும் சோடியாக எடுங்கள். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாய் ஓடினால் பிறேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் சாயும்.

பெட்டிக்குள் காட்ரிஜ், அதற்கான புது வளைய நட்டு, தண்டின் உச்சிக்குரிய நட்டு. தூசிக் கவசமும் அடிதாங்கி ரப்பரும் வேறாக வாங்கினேன். பழைய அடிதாங்கியைத் தொட்டபோது கையிலேயே உதிர்ந்தது. அது இல்லாமல் புது காட்ரிஜ் போட்டால் முதல் பெரிய குழியிலேயே தண்டு முழுதாய் உள்ளே இறங்கி அடிமுட்டும். காட்ரிஜின் உள் வால்வு அந்த அடியை வாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல.

காரை ஜக்கில் ஏற்றி, சட்டத்தின் கீழ் ஸ்ராண்ட் வைத்து, சில்லுகளைக் கழற்றினேன். பிறேக் பைப்பை ஹோஸிலிருந்து பிரிக்க வேண்டும். இதற்குப் பைப் நட்டுக்கென்றே இருக்கும் வெட்டு ஸ்பானர்தான் சரி. சாதாரண ஸ்பானர் அந்த மெல்லிய நட்டின் மூலைகளை உருட்டிவிடும். பிரித்ததும் ஹோஸின் வாயை ஒரு ரப்பர் மூடியால் அடைத்தேன். கலிப்பரைக் கழற்றி ஓரமாய் வைத்தாயிற்று. அடுத்து ஹப். கிறீஸ் மூடி, கொட்டர் பின், பூட்டு வளையம், நட்டு, வெளிப் பெயாரிங் என்று ஒவ்வொன்றாய் வந்து ஹப்பும் டிஸ்க்கும் கையோடு வரும். ஸ்ரட்டைக் கழற்ற இது கட்டாயமல்ல. ஆனால் அந்தப் பாரத்தோடு கூட்டை வைஸில் பிடித்து வேலை செய்வது பெரும் பாடு. போதாததற்கு, பெயாரிங்கைக் கழுவிப் புதுக் கிறீஸ் அடைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

கூட்டின் அடிப்பக்கம் ஸ்டியரிங் கையோடு இரண்டு போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கிறது. டை ரொட்டையும் போல் ஜொயின்ற்றையும் தொடத் தேவையில்லை. அந்த இரண்டு போல்ட்டையும் எடுத்தால் கூடு பிரியும். ஆனால் சும்மா இழுத்தால் வராது. போல்ட் துளைகளில் சிறு கழுத்து வளையங்கள் கையின் மேற்பரப்பிலிருந்து சுமார் 5 மில்லிமீற்றர் மேலே எழும்பி நிற்கின்றன; அவை கூட்டின் துளைக்குள் பொருந்தியிருக்கும். கீழ்க் கையை ஒரு கம்பியால் கீழ்நோக்கி அமுக்கி, அந்த உயரம் விலகிய பிறகுதான் கூட்டை வெளியே சாய்க்க வேண்டும். சுத்தியலால் பக்கத்தில் அடித்துப் பிரிக்க முயன்று அந்த வளையங்களை நசுக்கிய கார்களைப் பார்த்திருக்கிறேன். கடைசியாகப் பொனட்டுக்குள் மேல் நட்டுகள். அவற்றைக் கழற்றும்போது ஒருவர் கீழே கூட்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய நட்டை மட்டும் அந்த இடத்தில் தொடவே கூடாது. அது ஸ்பிறிங்கின் முழு விசையையும் பிடித்து வைத்திருக்கிறது.

ஸ்பிறிங் பற்றி ஒரே வார்த்தை: பயம் இருக்கட்டும். அமுக்கிகள் இரண்டையும் நேரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, ஒன்றில் கொஞ்சம் மற்றதில் கொஞ்சம் என்று மாறி மாறி இறுக்கி, ஸ்பிறிங் தன் தட்டில் தளர்வாய்ச் சுற்றும் நிலை வந்த பிறகு நடு நட்டைக் கழற்றினேன். அமுக்கிய ஸ்பிறிங்கின் வாய்க்கு நேரே முகத்தையோ கையையோ கொண்டுபோகாமல் பக்கவாட்டில் நின்று செய்ய வேண்டிய வேலை.

அப்புறம் வளைய நட்டு. நாற்பது வருடத்து மண்ணும் பெயின்ற்றும் உப்பும் அதைக் கூட்டோடு ஒன்றாக்கி வைத்திருந்தன. கம்பித் தூரிகையால் விளிம்பைச் சுற்றிச் சுத்தம் செய்து, ஊடுருவும் ஒயில் விட்டு ஒரு இரவு ஊறவிட்டேன். கூட்டின் அடிக் காதை வைஸில் பிடித்தேன். குழாயைப் பிடித்து இறுக்கினால் அது நசுங்கி முட்டை வடிவாகும், பிறகு காட்ரிஜ் இறங்காது. நீளக் கைபிடி உள்ள பைப் ரென்ச்சைப் போட்டு மெல்ல மெல்லப் பாரம் கொடுத்ததில் ஒரு முனகலோடு இளகியது. பழைய நட்டு போனாலும் பரவாயில்லை, புதிது பெட்டிக்குள் இருக்கிறது. நெருப்பு காட்ட மட்டும் வேண்டாம். உள்ளே ஒயில் நிறைந்த மூடிய குழாயைச் சூடாக்குவது உயிரோடு விளையாடுவது.

நட்டு வந்ததும் தண்டை மெதுவாக மேலே இழுத்தால் வழிகாட்டிப் புஷ் சீலோடு மேலே வரும். அதன் பின் மெல்லிய உள் சிலிண்டர். கூட்டைக் கவிழ்த்து ஒயிலை வடித்தேன். வலதுபக்கத்தில் ஓரளவு மிஞ்சியிருந்தது. இடதுபக்கத்தில் அடியில் ஒரு கறுத்த சேறு மட்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த இந்த ஸ்ரட்டுகளில் ஒயில் நேரடியாகக் கூட்டுக்குள்ளேயே இருந்தது, கூடே ஷொக்கின் வெளிச்சுவராக வேலை செய்தது. காட்ரிஜ் போட்ட பிறகு அந்த வேலை கூட்டுக்கு இல்லை. அது ஒரு பிடிப்பான் மட்டும்.

அடிவால்வு சில வேளைகளில் உள் சிலிண்டரோடு வராமல் குழாயின் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ரோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அது அங்கேயே கிடக்க மேலே காட்ரிஜை வைத்தால் சரிந்து நிற்கும். எனக்கு வலதுபக்கத்தில் அப்படி ஒன்று நின்றது. நீளக் கம்பியொன்றின் நுனியை வளைத்துக் கிளப்பி எடுத்தேன்.

கழுவியது மண்ணெண்ணெயால். உள்ளே, வெளியே, திருகுப் புரிகளில் எல்லாம். கழுவிய பின் கூட்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஸ்பிறிங் தட்டு குழாயோடு ஒட்டிய வெல்டிங் ஓரத்தில் உப்புத் தண்ணீர் தேங்கி உள்ளிருந்து அரித்திருக்கலாம்; கூரான கம்பியால் குத்திப் பார்த்தேன், உறுதியாய் இருந்தது. அந்தத் தட்டு அறுந்தால் ஸ்பிறிங் நேரே ரயருக்குள் போகும், அதனால் சந்தேகம் இருந்தால் அந்தக் கூட்டைப் பயன்படுத்தாமல் விடுவதே நல்லது. அடுத்தது குழாய் நேராய் இருக்கிறதா என்பது. ஒரு நீள உருக்கு அளவுகோலைக் குழாயின் பக்கத்தில் நான்கு திசையிலும் வைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். பிறகு காட்ரிஜை நட்டில்லாமல் உள்ளே இறக்கிக் கையால் சுழற்றினேன். தடையில்லாமல் இறங்கி, தடையில்லாமல் சுழல வேண்டும். ஓரிடத்தில் உரசினால் குழாய் வளைந்திருக்கிறது அல்லது எங்கோ நசுங்கியிருக்கிறது. இரண்டும் சுகமாய் இறங்கின.

வளைய நட்டு மேலே திருகி இறங்கும்போது என்ன நடக்க வேண்டும்? நட்டின் கீழ்ப்பாகம் குழாய்க்குள் இறங்கி, காட்ரிஜின் தோளை அமுக்கி, காட்ரிஜைக் குழாயின் அடியோடு சேர்த்து நசுக்கிப் பிடிக்க வேண்டும். நட்டின் தலைக்கு ஒரு அகலமான விளிம்பு இருக்கிறது. காட்ரிஜ் கொஞ்சம் கட்டையாய் இருந்தால், அந்த விளிம்பு குழாயின் வாயில் போய் முட்டிவிடும். நட்டு இறுகிவிட்டது போலவே கைக்குத் தெரியும். இறுக்கத்தை அளந்து காட்டும் ரோர்க் ரென்ச்சும் கிளிக் என்று சொல்லும். ஆனால் உள்ளே காட்ரிஜ் தளர்வாக நிற்கும். ஓடத் தொடங்கினால் சிறு குழிகளில் டொக் டொக் என்று சத்தம். புது ஷொக் சரியில்லை என்று திட்டிக்கொண்டு திருப்பிக் கொண்டுபோகிறவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான்.

இதை இறுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும். வேர்னியரின் ஆழக் கம்பியால் இரண்டு அளவு போதும். முதலாவது, நட்டின் தலை விளிம்புக்குக் கீழே உள்ள பாகத்தின் நீளம். எனது நட்டில் அது 14 மில்லிமீற்றர். இரண்டாவது, காட்ரிஜை உள்ளே வைத்து அடியில் நன்றாக உட்காரவிட்டு, குழாயின் வாயிலிருந்து காட்ரிஜின் தோள் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பார்ப்பது. வலதுபக்கத்தில் 12. அதாவது நட்டு முழுதாய் அமுக்கும்போது தலை விளிம்புக்கும் குழாய் வாய்க்கும் இடையில் 2 மில்லிமீற்றர் வெளிச்சம் தெரியும். அதுதான் வேண்டும். அந்த இடைவெளி தெரிகிறவரை இறுக்கம் முழுவதும் காட்ரிஜின் மேல்தான் விழுகிறது.

இடதுபக்கத்தில் 17 வந்தது. மறுபடியும் சுத்தம் செய்து, காட்ரிஜை மாற்றிப் போட்டு அளந்தாலும் 17 தான். 14 மில்லிமீற்றர் நட்டு 17 மில்லிமீற்றர் ஆழத்தை எட்டாது. காட்ரிஜ் 3 மில்லிமீற்றர் ஆடும். காட்ரிஜ்கள் இரண்டும் ஒரே நீளம். ஆகவே வித்தியாசம் கூட்டில். கவனித்துப் பார்த்தால் இடதுபக்கக் கூட்டின் அடி கிண்ணம் போலக் குழிந்திருந்தது, வலதுபக்கத்தில் தட்டை. பெயின்ற்றின் நிறமும் வேறு. எனக்கு முன்பிருந்தவர் காலத்தில் அந்தப் பக்கத்துக்கு வேறு கூடு போட்டிருக்கிறார்கள். பழைய கார்களில் இது சாதாரணம். பெட்டியில் உங்கள் காரின் பெயர் அச்சடிக்கப்பட்டிருந்தாலும் இரண்டு பக்கத்தையும் தனித்தனியே அளந்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

வேறு கூடு என்றதும் எழும் அடுத்த கவலை, ஸ்பிறிங் தட்டின் உயரம். அது மாறியிருந்தால் கார் ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும். குழாய் வாயிலிருந்து ஸ்பிறிங் தட்டு வரையும், தட்டிலிருந்து சில்லு அச்சின் நடு வரையும் இரண்டு கூட்டிலும் அளந்தேன். ஒரே அளவு. அடியின் ஆழம் மட்டுமே வேறு. ஆகவே தேவைப்பட்டது 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு இடைத்தட்டு. அதை அடியில் வைத்தால் காட்ரிஜ் வலதுபக்கத்தைப் போலவே 12 இல் நிற்கும்.

மெல்லிய வாஷர்களை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கி இதைச் சரிக்கட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதிர்வில் அவை ஒன்றையொன்று தேய்த்து மெலியும், மெலிந்த அளவுக்கு நட்டின் பிடி தளரும். ரப்பர் வளையம் அதைவிட மோசம். ஒரே துண்டு உருக்குத்தான் சரி. வீட்டுக்குப் பக்கத்தில் லேத் வைத்திருக்கும் அண்ணையிடம் கூட்டையும் காட்ரிஜையும் கையோடு கொண்டுபோனேன். அளவெழுதிய தாளை நீட்டியபோது அவர் அதை வாங்காமல் விரலைக் குழாய்க்குள் விட்டுத் தடவிப் பார்த்தார். "தம்பி, அடியில வெல்டிங் மூலை உருண்டு நிக்குது. தட்டின்ர விளிம்பைக் கூராய் விட்டா அது அந்த உருண்டையில ஏறி நிக்கும், அடியில இருக்காது. சாய்ச்சு வெட்டித் தாறன்" என்றார். அப்படியே கீழ் விளிம்பை 2 மில்லிமீற்றர் சாய்த்து, கிண்ணக் குழியைத் தாண்டி ஓரத்தில் உட்காரும் அகலத்தில், மேல்முகத்தில் காட்ரிஜின் குவிந்த அடி பொருந்த ஆழமில்லாத ஒரு பள்ளத்தோடு கடைந்து தந்தார். குழாயின் உள் அகலத்தைவிட ஒரு மயிரிழை குறைவு. போட்டு அளந்தேன்: 12.

பூட்டுவதற்கு முன் இன்னொரு விஷயம். காட்ரிஜுக்கும் கூட்டின் உட்சுவருக்கும் இடையில் ஒரு மெல்லிய வெளி இருக்கிறது. அதில் காற்று மட்டும் நின்றால் காட்ரிஜின் சூடு வெளியே போக வழியில்லை. ஷொக்கின் வேலையே சில்லின் ஆட்டத்தைச் சூடாக மாற்றுவதுதான். அந்தச் சூடு தேங்கினால் உள் ஒயில் நீர்த்து, கார் மறுபடி ஆடத் தொடங்கும். அதனால் அந்த வெளியில் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட வேண்டும். கூட்டின் உட்சுவர் துருப்பிடிப்பதையும் அது தடுக்கும்; பண்ணைக் காற்றில் ஓடுகிற காருக்கு இது இன்னும் முக்கியம். எவ்வளவு என்பது இடைவெளியைப் பொறுத்தது. நான் 40 மில்லிலீற்றர் விட்டு, காட்ரிஜை அடிவரை இறக்கி, மறுபடி வெளியே எடுத்து ஒயில் எந்த உயரம் வரை நனைத்திருக்கிறது என்று பார்த்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேல். போதும். வாய்வரை நிரப்பினால் சூட்டில் ஒயில் விரிந்து நட்டின் புரி வழியே கசியும். பிறகு பார்ப்பவர்கள் புது ஷொக் ஒழுகுகிறது என்று முடிவு கட்டுவார்கள்.

வளைய நட்டின் புரியில் ஒரு துளி ஒயில் தடவி, முதலில் கையால் திருகினேன். புரி குறுக்கே ஏறாமல் இருக்க, தொடக்கத்தில் ஒரு சுற்றுப் பின்னோக்கித் திருப்பி, டிக் என்று விழும் இடத்திலிருந்து முன்னோக்கித் தொடங்குவது என் வழக்கம். பிறகு பெட்டித் தாளில் போட்டிருந்த ரோர்க் அளவுக்கு இறுக்கினேன். இறுக்கி முடித்ததும் மெல்லிய அளவு இதழை நட்டு விளிம்புக்கும் குழாய் வாய்க்கும் இடையில் சுற்றிலும் விட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் 2 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக, எல்லாத் திசையிலும் ஒரே அளவு. நட்டு நேராய் இறங்கியிருக்கிறது, காட்ரிஜ் இறுகியிருக்கிறது.

தண்டை நிமிர்ந்த நிலையில் முழுதாய் அமுக்கி முழுதாய் எழவிட்டு, சில தடவை செய்ய வேண்டும். பெட்டியில் படுத்துக் கிடந்த காலத்தில் உள் சிலிண்டருக்குள் புகுந்த காற்று அப்போதுதான் வெளியேறும். முதல் அமுக்கில் ஓரிடத்தில் பிடியில்லாமல் வழுக்கும். பிறகு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இறுக்கம் வரும். தண்டைப் பிளையரால் பிடிப்பது பெரும் பாவம். ஒரு பல் பதிந்தாலும் நான் மேலே சொன்ன சீல் அறுக்கிற கதை புது ஷொக்கிலேயே தொடங்கிவிடும். காற்றுத் துப்பாக்கியால் உச்சி நட்டை இறுக்குவதும் வேண்டாம். தண்டு உள்ளே வேகமாய்ச் சுற்றும், பிஸ்டனுக்கும் சீலுக்கும் கேடு.

அடிதாங்கி, தூசிக் கவசம், ஸ்பிறிங், ரப்பர் வளையம், மேல் தட்டு, தாங்கி என்று வந்த வரிசையிலேயே திரும்ப ஏற்றினேன். ஸ்பிறிங்கின் நுனி கீழ்த் தட்டின் பள்ளத்தில் சரியாய் முட்டி நிற்க வேண்டும். மேல் தாங்கிக்குள் இருக்கும் பெயாரிங் ஸ்டியரிங்கோடு சுழல்வது. அதைக் கழுவிப் புதுக் கிறீஸ் அடைத்தேன். ஸ்டியரிங் பாரமாய் இருக்கிறது என்று டை ரொட்டை மாற்றுகிறவர்கள் ஒருமுறை இந்தப் பெயாரிங்கைத் திறந்து பார்க்கலாம். ஸ்பிறிங் அமுக்கிகளைத் தளர்த்தியதும் கூட்டைக் காரில் ஏற்றி, கழுத்து வளையங்கள் துளைக்குள் விழுந்ததை உறுதிசெய்து, கீழ்ப் போல்ட்டுகளைப் பூட்டினேன். ஹப் நட்டைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, தளர்த்தி, மறுபடி கையால் மட்டும் இறுக்கி, புதுக் கொட்டர் பின் போட்டேன். உச்சி நட்டின் கடைசி இறுக்கம் கார் நிலத்தில் நின்ற பிறகு.

பிறேக் பைப்பைத் திறந்தபடியால் காற்றெடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பி பெடலை மிதிக்க, நான் கலிப்பரில் திறந்து மூட, குமிழி நிற்கும்வரை செய்தோம். பெடல் மேலே உறுதியாய் நிற்காமல் கார் வாசலைத் தாண்டக் கூடாது.

டை ரொட்டைத் தொடாதபடியால் அலைன்மென்ற் பெரிதாய் மாறியிருக்காது. இருந்தாலும் சில நாள் ஓடி எல்லாம் உட்கார்ந்த பிறகு கொண்டுபோய்ப் பார்த்தேன். முன்சில்லுகள் உள்நோக்கித் திரும்பி நிற்கும் அளவை (ரோ-இன்) மட்டும் சிறிதளவு திருத்த வேண்டியிருந்தது.

தாம்போதியில் வித்தியாசம் உடனே தெரிந்தது. மூக்கு ஏறி இறங்கி ஒரே தடவையில் நிற்கிறது. பிறேக் பிடித்தால் முன்பக்கம் முங்குவது குறைந்திருக்கிறது. சிறு கற்களின் மேல் ஓடும்போது முன்பைவிடக் கொஞ்சம் கடினமாய் இருக்கிறது. இத்தனை காலம் செத்த ஷொக்கோடு ஓடிய காருக்கு அது நியாயந்தான். ரயர் ஓரத்தின் மேடுபள்ளம் மட்டும் இன்னும் ஊமென்று சத்தம் போடுகிறது. அது ஷொக்கால் மாறாது. ரயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டிருக்கிறேன், தேய்ந்து தட்டையாகிறதா பார்க்கலாம்.

எல்லாக் காரிலும் இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு: முதலில் கூட்டின் வாயைப் பாருங்கள். வளைய நட்டு இருந்தால் முடியும். வாயை மடித்து அடைத்துவிட்ட ஸ்ரட்டாக இருந்தால் அப்படியே திறக்க வழியில்லை. பெரும்பாலும் முழு ஸ்ரட்டையும் மாற்றுவதுதான் நடைமுறை. நெதர்லாந்தின் கோனி நிறுவனம் அத்தகைய கூடுகளுக்கும் சில இன்சேர்ட்டுகள் செய்கிறது. கூட்டின் தலையை வெட்டி, உள்ளிருப்பதை எடுத்து, அடியில் ஒரு துளை போட்டு, கீழிருந்து போல்ட்டால் பிடிக்கும் வகை. அங்கே முதல் வெட்டுக்கு முன் சிறு துளையிட்டு உள்ளிருக்கும் வாயு அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும், கண்ணாடி அணிந்து, துணியால் மூடிக்கொண்டு. துளையிடுவது தண்ணீர் இறங்கும் இடமாகவோ வெல்டிங்கின் மேலாகவோ இருக்கக் கூடாது. லேத்தும் அனுபவமும் இல்லாமல் தொட வேண்டிய வேலை அல்ல அது.

ஓடிய பிறகு மறுபடி சில்லைக் கழற்றி நட்டு விளிம்பின் இடைவெளியை அளந்தேன். மாற்றமில்லை, கசிவுமில்லை. முன்பக்கம் இப்படி அடங்கிய பிறகு பின் ஷொக்குகள் எவ்வளவு களைத்திருக்கின்றன என்பது நன்றாகவே தெரிகிறது. அவை சாதாரண ஷொக்குகள், கூடு கிடையாது, கழற்றிப் பூட்டுவதோடு சரி. பின் ஸ்பிறிங்கின் ரப்பர்களையும் சேர்த்து அடுத்த முறை கொழும்புக்குப் போகும்போது வாங்கி வருகிறேன்.